ஈற்றயலடியில் என்ன இருக்கிறது?



‘கவிதையின் வடிவமும் அணிநலனும்’ என்ற பொருளில் பேச வந்திருக்கிறேன். இந்தத் தலைப்பைக் கேட்டதும் நம்மில் பலருக்குத் தேர்வுக்கூடம்தான் நினைவுக்கு வரும். ‘அலகிட்டு வாய்பாடு தருக.’ ‘இப்பாடலில் பயின்று வந்துள்ள அணியைச் சுட்டி, பொருத்திக் காட்டுக.’ இப்படித்தான் நாம் யாப்பையும் அணியையும் சந்தித்தோம். அந்தப் பயிற்சியை நான் குறை சொல்ல மாட்டேன். அசை பிரிக்கத் தெரியாமல், சீர் எண்ணத் தெரியாமல் தமிழ்க் கவிதைக்குள் நுழைய முடியாது. ஆனால் பெயரைச் சொன்னதோடு வேலை முடிந்துவிடுகிறதே, அதுதான் என் வருத்தம். உவமை அணி என்று எழுதினோம், மதிப்பெண் வாங்கினோம், அடுத்த வினாவுக்குப் போய்விட்டோம். அந்த உவமை ஏன் அங்கே வந்தது? ஏன் முதலடியில் வரவில்லை? அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது? இதைக் கேட்டோமா?

நான் இங்கே சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். நல்ல கவிதையில் வடிவம் என்பது பொருளுக்கு மேலே போர்த்திய ஆடை அன்று. பொருளின் ஒரு பங்கு வடிவத்திலேதான் இருக்கிறது. உரைநடையில் கருத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பங்கு அதில் வராது.

இது மேலைநாட்டுத் திறனாய்விலிருந்து வந்த புதுச் செய்தி என்று யாரும் நினைக்க வேண்டாம். தொல்காப்பியச் செய்யுளியலைத் திறந்து பாருங்கள். செய்யுளுக்கு 34 உறுப்புகளை அது அடுக்குகிறது. மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி என்று தொடங்குகிற அந்த வரிசையில் ‘நோக்கு’ என்று ஓர் உறுப்பு இருக்கிறது. கேட்டவன் மேலே போய்விடாமல் நின்று, திரும்பி, மறுபடியும் பார்க்கும்படி செய்கிற அமைதிக்கு அந்தப் பெயர். அது எங்கிருந்து எதுவரை? மாத்திரையிலிருந்து அடிவரை! ஒரு குறிலின் ஒலிப்பளவில்கூட நின்று பார்க்க ஏதோ இருக்கலாம் என்கிறது இலக்கணம். இந்த ஓர் உறுப்பை விளக்குவதற்காக உரையாசிரியர் பேராசிரியர் அகநானூற்றின் நான்காம் பாடலை எடுத்துக்கொண்டு, இந்தச் சொல் ஏன், இந்த அடை ஏன் என்று சொல் சொல்லாக நிறுத்தி விளக்கிக்கொண்டு போகிறார். பாட்டை நுணுகிப் படிக்கும் கலை நம் வீட்டுச் சொத்து. நாம்தான் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டோம்.

பெட்டியைத் திறப்போம். எந்தப் பாட்டை எடுக்கலாம்? உங்கள் எல்லோருக்கும் தெரிந்த பாட்டாகவே எடுத்துக்கொள்கிறேன். குறுந்தொகை, நாற்பதாம் பாட்டு. செம்புலப்பெயனீரார் பாடியது. அவருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் சொன்ன உவமையே அவருக்குப் பெயராகிவிட்டது. அந்தப் பாட்டின் சொற்கள் 1997-இல் வந்த ‘இருவர்’ படப் பாட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்தன. ஆகவே அடிகளை நான் சொல்லப் போவதில்லை. நீங்கள் மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வாருங்கள்.

முதலில் காட்சி. தலைவனும் தலைவியும் தாமாகவே சந்தித்தார்கள், கூடினார்கள். கூடிய பின் அவள் முகத்தில் ஒரு மாற்றம். இவன் நம்மைப் பிரிந்து போய்விடுவானோ? அவள் வாய் திறந்து கேட்கவில்லை. அவன் அவள் முகக்குறிப்பைப் பார்த்துப் புரிந்துகொண்டு பேசுகிறான். அந்தப் பேச்சுத்தான் பாட்டு. யார் பேசுகிறார், யார் கேட்கிறார், எந்த நேரத்தில் பேசுகிறார் என்பதை முதலில் தெரிந்துகொள்ளாமல் அகப்பாட்டின் எந்த அணியையும் தொடாதீர்கள். கேட்போர், களன், காலம் ஆகியவற்றையும் தொல்காப்பியர் செய்யுளுறுப்பு என்றுதான் வைத்திருக்கிறார்.

அஞ்சுகிற ஒரு பெண்ணுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். நாமாக இருந்தால் என்ன சொல்வோம்? ‘உன்னைப் பிரிய மாட்டேன், இது சத்தியம்’ என்போம். இவன் அதைச் சொல்லவில்லை. கேள்வி கேட்கிறான். ஒன்றல்ல, மூன்று கேள்விகள். என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் என்ன உறவு? என் தந்தையும் உன் தந்தையும் எந்த வழியில் சொந்தம்? நானும் நீயும்தான் ஒருவரை ஒருவர் எப்படி அறிந்தோம்? அடிக்கு ஒரு கேள்வி. தாயில் தொடங்கி, தந்தைக்கு வந்து, கடைசியில் தங்கள் இருவரிடமே வந்து நிற்கிறது. குலத்திலிருந்து ஆளுக்கு வருகிறான். மூன்று கேள்விக்கும் விடை ஒன்றுதான்: ‘எந்தத் தொடர்பும் இல்லை.’ அஞ்சுகிறவளிடம் போய், நமக்குள் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை என்று மூன்று முறை சொல்கிறான்! துணிச்சலைப் பாருங்கள்.

இப்போது அந்த மூன்று அடிகளின் வடிவத்தைப் பாருங்கள். ஒவ்வோர் அடியிலும் முதலிரண்டு சீர்கள் ‘உம்’ என்று முடிகின்றன. மூன்று அடியில் ஆறு ‘உம்’. இலக்கணம் இதை எண்ணும்மை என்கிறது. தனித்தனியாக இருப்பவற்றை எண்ணிச் சொல்வதற்குப் பயன்படும் இடைச்சொல் அது. என் தாய் ஒன்று, உன் தாய் ஒன்று. என் தந்தை ஒருவர், உன் தந்தை ஒருவர். நான் ஒருவன், நீ ஒருத்தி. எண்ணிக்கொண்டே வருகிறான். பிறகு? கடைசி இரண்டு அடிகளில் தேடிப் பாருங்கள். ஓர் ‘உம்’மைகூட இல்லை! கலந்த பிறகு எதை எண்ணுவது?

இன்னும் பாருங்கள். முதல் மூன்று அடிகளில் என், உன் என்ற பிரிவினை விடாமல் வருகிறது. கடைசி அடியில் நெஞ்சம் வருகிறது. யாருடைய நெஞ்சம்? என் நெஞ்சம் என்றோ உன் நெஞ்சம் என்றோ சொல்லவில்லை. ‘நம் நெஞ்சம்’ என்றுகூடச் சொல்லவில்லை. உரிமை கொண்டாடும் சொல் எதுவும் அங்கே இல்லை. நெஞ்சங்கள் என்று பன்மை விகுதி கொடுத்தும் சொல்லவில்லை. பார்வைக்கு ஒருமை போலத் தோன்றும் ஒரு பெயர்ச்சொல். ஆனால் அது கொண்டு முடிகிற வினை பன்மை வினை. பால்பகா அஃறிணைப் பெயர் என்று இலக்கணத்தில் படித்தோமே, அதுதான். இரண்டாக இருந்ததும் ஒன்றாக ஆனதும் ஒரே தொடருக்குள் நிற்கின்றன. இது பழந்தமிழின் பொது வழக்குத்தானே என்று நீங்கள் கேட்கலாம். வழக்குத்தான். அந்த வழக்கை எந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தால் அது பேசும் என்று தெரிந்து வைத்ததுதான் புலமை.

வினை எந்தக் காலத்தில் இருக்கிறது? இறந்த காலத்தில். கலக்கும் என்று வருங்காலத்தில் சொல்லவில்லை. கலந்தாயிற்று. தாமாகவே கலந்தாயிற்று, யாரும் கலக்கவில்லை. அவள் அச்சமோ வருங்காலத்தைப் பற்றியது. அவன் விடையோ நடந்து முடிந்ததைப் பற்றியது. சத்தியம் செய்தால் அதை மீறலாம். நடந்துவிட்ட ஒன்றை எப்படி மாற்றுவது? ஆயிரம் சத்தியங்களைவிட இந்த ஒரு வினைமுற்று அவளுக்கு உறுதியானது என்றே நான் கருதுகிறேன்.

சரி, உவமைக்கு வருவோம். செம்மண்ணில் பெய்த மழைநீர். அந்த நீர் எங்கிருந்தோ வந்தது. அந்த மண்ணோ அங்கேயே கிடந்தது. வந்தவன் அவன், அங்கே இருந்தவள் அவள். வானத்து நீருக்கும் நிலத்து மண்ணுக்கும் முன்பின் உறவு கிடையாது. மேலே கேட்ட மூன்று கேள்வியையும் மழையிடமும் மண்ணிடமும் கேட்டுப் பாருங்கள். அதே விடைதான் வரும். ஆனால் விழுந்த கணத்தில் நீர் சிவந்துவிட்டது. மண்ணும் மண்ணாக இல்லை, குழைந்துவிட்டது. இனி எது நீர், எது மண்? உவமையைச் செய்யுளின் நகை என்று சொல்வோர் உண்டு. இந்தப் பாட்டிலிருந்து இந்த உவமையைக் கழற்றிவிட்டுப் படியுங்கள். என்ன மிஞ்சும்? உறவில்லாத இருவர், ஒரு கூற்று. நம்புவதற்கு அதில் ஒன்றும் இல்லை. அவன் வாதத்தின் சான்றே அந்த உவமைதான்.

அந்த உவமை பாட்டில் எங்கே இருக்கிறது? இங்கேதான் யாப்பு பேசுகிறது. இது ஐந்தடி நேரிசை ஆசிரியப்பா. முதல் மூன்று அடிகளுக்கு நான்கு நான்கு சீர். கடைசி அடிக்கும் நான்கு சீர். இடையில் நான்காம் அடி, அதாவது ஈற்றயலடி, மூன்றே சீர். அந்தக் குறைந்த அடிதான் செம்மண்ணும் மழையும் இருக்கிற அடி! வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நான்கு சீர், நான்கு சீர், நான்கு சீர் என்று காது பழகிவிட்டது. திடீரென்று மூன்றோடு நின்றுவிடுகிறது. ஒரு சீரின் அளவுக்கு வெற்றிடம். உவமையைச் சொல்லிவிட்டு அவன் ஒரு நொடி நிறுத்துகிறான். அவள் கண்முன்னே மழை பெய்கிறது, மண் சிவக்கிறது. பார்த்து முடிக்க அவளுக்கு அவகாசம் வேண்டாமா? அதற்குப் பிறகுதான் கடைசி அடி வந்து, நான்கு சீரோடு நிறைந்து, ஏகாரத்தில் முடிகிறது.

‘ஐயா, நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி முச்சீராக வருவது விதிதானே, இதில் இந்தப் புலவருக்கு என்ன பெருமை?’ என்று ஒரு மாணவர் கேட்கலாம். கேட்க வேண்டும். விதி எல்லோருக்கும் பொது. அந்தக் குறுகிய இடத்தில் எதை வைப்பது என்பது மட்டும் புலவருக்கே உரியது.

அதே குறுந்தொகையில் மூன்றாம் பாட்டுக்கு வாருங்கள். தேவகுலத்தார் பாடியது, நான்கே அடி. தலைவன் வேலிப்புறத்தில் நிற்கிறான். திருமணத்தைத் தள்ளிப்போடுகிறானே என்று தோழி அவனைப் பழித்துப் பேசுகிறாள். தலைவி விடுவாளா? மறுத்துப் பேசுகிறாள். நிலத்தைவிடப் பெரியது, வானத்தைவிட உயர்ந்தது, கடல்நீரைவிட ஆழம் காண முடியாதது. எது? சொல்லவில்லை! மூன்று பயனிலைகள் வந்துவிட்டன, எழுவாய் வரவில்லை. உலகத்தையே அளந்துவிட்டு, சட்டென்று ஒரு மலைச்சாரலுக்கு இறங்குகிறாள். கரிய கொம்புள்ள குறிஞ்சிச் செடி, அதன் பூ. அந்தப் பூ எந்த அடியில் இருக்கிறது? ஈற்றயலடியில். முச்சீர் அடியில்! நிலம், வான், கடல் எல்லாம் நெடிய அடிகளில் இருக்க, சின்னஞ்சிறு பூ குறுகிய அடியில் நிற்கிறது. அதன் பிறகு அந்தப் பூக்களில் வண்டுகள் தேன் இழைக்கும் நாட்டை உடையவன் வருகிறான். எல்லாவற்றுக்கும் பின்னால், பாட்டின் கடைசிச் சொல்லாக, நட்பு வருகிறது. அப்போதுதான் முதலடியில் பெரியது என்று சொன்னது இதைத்தான் என்று நமக்குத் தெரிகிறது. தெரிந்ததும் என்ன செய்கிறோம்? முதலடிக்குத் திரும்பிப் போகிறோம். நோக்கு என்று இலக்கணம் சொன்னது இதைத்தான்!

அந்தத் தேனையும் விட்டுவிடாதீர்கள். குறிஞ்சிப்பூ சிறியது. இன்று நீலக்குறிஞ்சி என்று நாம் அழைக்கும் செடி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கிறது. அப்படிப்பட்ட பூவிலிருந்து துளித்துளியாக எடுத்து, பெரிய தேனடையைக் கட்டுகின்றன வண்டுகள். அருகிக் கிடைத்த சிறு சந்திப்புகளிலிருந்து பெரிய அன்பு கட்டப்பட்டதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. வண்டுகளைச் சொல்லி நிறுத்திக்கொண்டாள். இதுதான் உள்ளுறை. வேலிக்கு வெளியே நிற்பவனுக்கு அது விளங்கியிருக்கும்.

401 பாட்டுகள் கொண்ட குறுந்தொகையில் இரண்டைத் தொட்டிருக்கிறோம். ஆசிரியப்பாவுக்குரிய அகவல் ஓசை பேச்சுக்கு மிக நெருங்கியது. அகப்பாட்டு முழுவதும் யாரோ ஒருவர் யாரிடமோ பேசுவது. ஆகவே அந்தப் பாவே அதற்கு வாய்த்தது. வெண்பா அப்படியில்லை. தளை தட்டினால் வெண்பாவே இல்லை. அந்த இறுக்கத்தை ஒரு புலவர் எப்படிப் பொருளாக்குகிறார் என்று பார்க்க வேண்டுமானால் திருக்குறளில் துறவு அதிகாரத்துக்கு வர வேண்டும்.

அந்த அதிகாரத்தின் முதற்குறளான 341-ஐ உதடு ஒட்டாமல் சொல்லிவிடலாம், கடைசிக் குறளான 350-இல் உதடுகள் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்று மேடைகளில் சொல்வார்கள். உண்மைதான். விலகு என்று சொல்லும் குறளில் உதடு விலகியிருக்கிறது. பற்றிக்கொள் என்று சொல்லும் குறளில் உதடு பற்றுகிறது. கைதட்டிவிட்டு நாம் அங்கேயே நின்றுவிடுகிறோம். இன்னும் ஓரடி உள்ளே போகலாம். குறள் வெண்பாவுக்கு ஏழு சீர். 350-ஆம் குறளைச் சீர் பிரித்து எழுதுங்கள். முதற்சீரில் பற்று இருக்கிறது. இரண்டாம் சீரில் இருக்கிறது. மூன்றில், நான்கில், ஐந்தில், ஆறில் இருக்கிறது. ஏழாம் சீரில்? அங்கேதான் விடுதல் வருகிறது! ஆறு சீர்கள் பற்றிக்கொண்டு வந்து, ஏழாவது சீரில் கை விடுகின்றன. அந்த ஏழாவது சீரோ வெண்பாவின் ஈற்றுச்சீர். ஓரசையாகவோ, அதனோடு ஒரு குற்றியலுகரம் சேர்ந்தோ குறுகி முடிய வேண்டிய சீர். எதை விடுவதற்காக எதைப் பற்ற வேண்டும் என்ற தத்துவத்தைப் பரிமேலழகர் உரையில் படிக்கலாம். விடுதல் எவ்வளவு பிந்தி, எவ்வளவு அரிதாக வருகிறது என்பதை யாப்பில்தான் உணர முடியும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்ன எழுத்து குறளில் இத்தனை முறை வருகிறது, இன்ன எழுத்து வரவே இல்லை என்று பட்டியல் போடுவதை நுணுக்கமான வாசிப்பு என்று நாம் மயங்கிவிடக் கூடாது. எண்ணிக்கை எப்போது திறனாய்வாகிறது? அது பொருளைத் தொடும்போது மட்டும். தொடவில்லை என்றால் அது வெறும் கணக்கு.

கம்பனைத் தொடாமல் போனால் இந்த அவை என்னை மன்னிக்காது. ஆரணிய காண்டத்தில் சூர்ப்பணகை அழகிய பெண் வடிவெடுத்து இராமன் முன் வருகிற கலிவிருத்தம். பஞ்சும் தளிரும் தாமரையும் தோற்கும் பாதங்களோடு வருகிறாள். நான்கடியிலும் மெல்லினமும் அதன் இன வல்லினமும் இணைந்து, ஞகர ஒற்றும் சகரமும் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. கொலுசு கட்டிய நடை காதில் விழுகிறது. மயில் போல வந்தாள், அன்னம் போல வந்தாள், மின்னும் வஞ்சிக்கொடி போல வந்தாள். நமக்கு அந்த அடுக்கு பழகிவிட்டது. அதே அடுக்கில், அதே உவம உருபோடு, அதே ஒலியோடு, அடுத்ததாக நஞ்சு போல வந்தாள் என்கிறான். வஞ்சி, நஞ்சம், வஞ்சம் என மூன்றும் ஒன்றையொன்று ஒட்டி வருகின்றன. கொடியிலிருந்து விடத்துக்குக் காது வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது; அறிவுக்கு ஒரு நொடி கழித்துத்தான் தெரிகிறது. அவள் இராமனிடம் காட்ட நினைத்த மாயத்தை, கம்பன் எதுகையாலேயே நம்மிடம் காட்டிவிடுகிறான்! எதுகை வெறும் ஓசை நயம் என்று யார் சொன்னது?

புதுக்கவிதைக்கு இதெல்லாம் பொருந்துமா என்று இளைஞர்கள் கேட்பீர்கள். பொருந்தும். 1959-இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கி, ந. பிச்சமூர்த்தி போன்றோரின் கவிதைகள் அதில் வந்தபோது, யாப்பை விட்டார்களே தவிர வடிவத்தை விடவில்லை. சீர் எண்ணும் கடமை போனது. வரியை எங்கே மடிப்பது என்ற பொறுப்பு வந்தது. முச்சீர் அடி செய்த வேலையை அங்கே ஒற்றைச் சொல்லில் நிற்கும் வரி செய்கிறது. விதி இல்லாத இடத்தில் தெரிவு இன்னும் கடினம் என்பதால், புதுக்கவிதை எழுதுகிறவர்கள் சங்கப் பாட்டை அலகிட்டுப் படிக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி எஞ்சி நிற்கும். இவ்வளவையும் அந்தப் புலவர்கள் திட்டமிட்டுத்தான் செய்தார்களா? நமக்கு அது தெரிய வேண்டியதே இல்லை. பாட்டில் இருக்கிறதா, இல்லையா? சொல்லைத் தொட்டுக் காட்ட முடிகிறதா? காட்ட முடிந்தால் சொல்லுங்கள்; முடியாவிட்டால், எவ்வளவு அழகான விளக்கமானாலும் விட்டுவிடுங்கள். இந்த ஒழுக்கம் இருந்தால் போதும்.

இந்தப் பாட்டுகள் நம் கைக்கு எளிதில் வந்துவிடவில்லை. குறுந்தொகையை 1915-இல் சௌரிப்பெருமாள் அரங்கன் அச்சில் கொண்டுவந்தார். 1937-இல் உ.வே.சாமிநாதையர் தம் எண்பதைத் தாண்டிய வயதில், ஏடுகளை ஒப்பிட்டு, பாடபேதம் குறித்து, விரிவான உரையோடு பதிப்பித்தார். ஒரு சீர் பிசகினால்கூடப் பாட்டு வேறாகிவிடும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். ஈற்றயலடியில் மூன்று சீர்தான் என்ற யாப்பறிவு இல்லாதவர் கையில் அந்த ஏடு சிக்கியிருந்தால், குறை என்று நினைத்து நான்காவது சீர் ஒன்றைச் சேர்த்தே அச்சிட்டிருக்கவும் கூடும்.

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளை வகுப்பில் ஒரு பாட்டை எடுக்கும்போது, அதில் என்ன அணி என்று உடனே கேட்காதீர்கள். பிள்ளைகளை முதலில் மூன்று முறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே நின்றாய், ஏன் நின்றாய் என்று கேளுங்கள். அவர்கள் நின்ற இடத்தைப் பலகையில் எழுதுங்கள். அந்த இடத்துக்கு இலக்கணத்தில் என்ன பெயர் என்பதை அதற்குப் பிறகு சொல்லிக்கொடுங்கள். மாணவச் செல்வங்களே, ஆசிரியர் சொல்லும்வரை நீங்களும் காத்திருக்க வேண்டாம். குறுந்தொகை எந்த நூலகத்திலும் கிடைக்கும். இந்த வாரமே எடுத்து நாற்பதாம் பாட்டிலிருந்து தொடங்குங்கள்.